கழுத்துத் தேய்மானமும் மூளையும்: கான் டூல்பாக்ஸ் தரும் வண்ணப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

செர்விகல் மைலோபதி, அதாவது கழுத்துத் தண்டுவடம் நசுங்கும் நோய், இருப்பவர்களின் மூளை இயக்கத்தில் என்ன மாறுகிறது என்று ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ (ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்போது எடுக்கும் மூளை இயக்க ஸ்கேன்) எடுத்து ஆராய்பவர்கள் பலரும் பயன்படுத்தும் மென்பொருள் கான் டூல்பாக்ஸ். சூசன் விட்ஃபீல்டு-கேப்ரியேலியும் அல்ஃபோன்சோ நியேட்டோ-காஸ்டனானும் உருவாக்கி, 2012இல் ஆய்விதழ் கட்டுரையோடு அறிமுகப்படுத்தியது. இலவசம். நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாதவரும் திரையில் இருப்பதை வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் இறுதியில் சிவப்பும் நீலமுமாக ஒரு மூளைப் படம் வந்துவிடும். கழுத்து நோயாளிகளின் தரவில் அந்தப் படம் பல நேரம் தலையசைவின் படமாக இருந்துவிடுகிறது. அதைத் தடுக்க மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது, எதை ஆய்வாளரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

நோயைப் பற்றிக் கொஞ்சம். டிஸ்க் பிதுங்குவது, எலும்பு முளைப்பது, லிகமென்டம் ஃப்ளேவம் என்ற முதுகெலும்புத் தசைநார் தடிப்பது, பின் நெடுந்தசைநார் எலும்பாக இறுகுவது என எந்தக் காரணத்தால் கழுத்துத் தண்டுவடம் நசுங்கினாலும் அவற்றை ஒரே குடையின்கீழ் ‘தேய்மானக் கழுத்து மைலோபதி’ என்று அழைக்கும் வழக்கம் 2015இல் முன்மொழியப்பட்டது. சட்டைப் பட்டன் போட முடியாமல் போவது, கையெழுத்து மாறுவது, நடையில் தடுமாற்றம் ஆகியவை முதல் அறிகுறிகள். தீவிரத்தை அளக்க எம்-ஜேஓஏ என்ற 18 புள்ளி அளவுகோல் இருக்கிறது: 15 முதல் 17 வரை லேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11 அல்லது அதற்குக் கீழே கடுமையானது. கழுத்து எம்ஆர்ஐயில் தண்டுவடம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதும் நோயாளி எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நன்றாக நசுங்கிய தண்டுவடத்தோடு சாதாரணமாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். மூளை எந்த அளவுக்கு ஈடுகட்டுகிறது என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கருவி ஒழுங்காக இருக்க வேண்டும்.

நிறுவுவது எளிது. மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளும், அதற்குள் இயங்கும் எஸ்பிஎம் 12 என்ற மூளைப்படப் பகுப்பாய்வு மென்பொருளும் இருந்தால் கான் கோப்புறையைப் பாதையில் சேர்த்தால் போதும். மேட்லாப் உரிமம் வாங்க முடியாத துறைகளுக்குத் தனித்து இயங்கும் பதிப்பு உண்டு. அதற்கு மேட்லாப்பின் இலவச ரன்டைம் மட்டும் வேண்டும். ஒரு ப்ராஜெக்ட் என்பது ஒரு கோப்பும் அதே பெயருள்ள ஒரு கோப்புறையும் சேர்ந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போனால் வேறு கணினியில் திறக்காது. கோப்புறைப் பெயர்களில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம். ஒரு நோயாளிக்குச் சில ஜிபி இடம் போகும், இடைநிலைக் கோப்புகளை எல்லாம் வைத்துக்கொண்டால் இன்னும் அதிகம்.

ஸ்கேன் அறையில் கெட்டதை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. கழுத்து நோயாளியைப் படுக்கவைப்பதே தனி வேலை. தலையைச் சுற்றி வரும் ஸ்கேன் கூண்டான காயிலுக்குள் தலையைத் தட்டையாக வைத்தால் கழுத்து பின்னுக்கு வளைந்து, நசுங்கிய தண்டுவடம் மேலும் நெருக்கப்படும். ஐந்தாவது நிமிடத்தில் கை மரத்துப்போய் அவர் அசைவார். பிடரிக்குக் கீழே மெல்லிய ஃபோம், முழங்காலுக்குக் கீழே ஆப்பு வடிவத் தலையணை, காதுக்கு இருபுறமும் இறுக்கமில்லாத அடைப்பு என்று வைத்துவிட்டு, ‘எங்காவது வலிக்கிறதா’ என்று கேட்டு இரண்டு நிமிடம் காத்திருந்து தொடங்குவது நல்லது. ஓய்வுநிலை ஸ்கேனை வரிசையின் முதலிலேயே, இடம் பார்க்கும் லோக்கலைசருக்கும் மூளையின் அமைப்பைக் காட்டும் டி1 படத்துக்கும் அடுத்து எடுத்துவிட வேண்டும். கழுத்துப் படங்களைக் கடைசிக்குத் தள்ளலாம். 3 டெஸ்லா கருவியில் டிஆர் (ஒரு முழு மூளைப் படத்துக்கு ஆகும் நேரம்) 2 வினாடி, டிஇ (சமிக்ஞையைப் பதியும் நேரம்) 30 மில்லிவினாடி, 3 மி.மீ. வாக்செல் (படத்தின் மிகச் சிறு கனத்துண்டு), 240 தொகுதிகள் (முழு மூளைப் படங்கள்) என்றால் 8 நிமிடம். கண் திறந்து சிலுவைக் குறியைப் பார்க்கச் சொல்வதா, மூடச் சொல்வதா என்பதை முதல் ஆளுக்கு முன்பே முடிவுசெய்து எல்லோருக்கும் ஒன்றாகவே வைக்க வேண்டும். கண் மூடினால் வயதானவர்கள் தூங்கிவிடுகிறார்கள், தூக்கம் இணைப்புகளை, அதாவது மூளைப் பகுதிகளின் சமிக்ஞைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறியிறங்கும் அளவை, மாற்றும். காந்தப்புலச் சீரின்மையைக் காட்டும் ஃபீல்டுமேப் எடுக்க ஒரு நிமிடம்தான் ஆகும், தவிர்க்காதீர்கள். ப்ரீகாபலின், கபாபென்டின் போன்ற நரம்புவலி மாத்திரைகளின் அளவையும், கடைசியாகக் காப்பி குடித்த நேரத்தையும் படிவத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட எடுக்கும் நோயில்லாதவர்களின் கட்டுப்பாட்டுக் குழுவில் யாரும் ப்ரீகாபலின் சாப்பிடுவதில்லை என்பது பின்னால் பெரிய விஷயமாகும்.

விரலைத் தட்டச் சொல்லி எடுக்கும் பணிசார் எஃப்எம்ஆர்ஐயும் உண்டு. கை பலவீனமானவர் அதே வேகத்தில் தட்ட முடியாது, தட்ட முயன்றால் தோளையும் தலையையும் சேர்த்து அசைப்பார். அப்போது தெரிவது நோயின் விளைவா, முயற்சியின் அளவா என்று பிரிப்பது கடினம். ஓய்வுநிலை முறைக்கு இந்தத் தொல்லை இல்லை. பிஸ்வாலும் சக ஆய்வாளர்களும் 1995இல் இயக்கப் புறணியில்தான் இந்த ஓய்வுநிலை இணைப்பை முதலில் காட்டினார்கள் என்பதால், கழுத்து நோய்க்கு இது இயல்பாகவே பொருந்துகிறது.

இனி மென்பொருளுக்குள் போவோம். முதல் தாவல் செட்டப். டிஆர் மதிப்பை நாமே உள்ளிடும்போது ஒரு இலக்கம் தவறினாலும் பின்னால் வரும் அலைவரிசை வடிகட்டல் முழுவதும் பிழையாகும், எந்த எச்சரிக்கையும் வராது. மூளையை அடுக்கடுக்காக எடுக்கும் ஸ்லைஸ்களின் வரிசையில் இன்னொரு வழுக்கல் உண்டு: சீமென்ஸ் கருவிகளில் இடைவிட்ட வரிசை ஸ்லைஸ் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் முதல் ஸ்லைஸிலும், இரட்டைப்படையானால் இரண்டாவது ஸ்லைஸிலும் தொடங்கும். கானில் சீமென்ஸுக்கென்றே தனித் தெரிவு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். மூளைப்படக் கோப்புகளுக்கான பொது ஒழுங்கான பிட்ஸ் வடிவத்தில் தரவை மாற்றியிருந்தால் உடன்வரும் ஜேசன் கோப்பிலிருந்தே நேரங்களை எடுத்துக்கொள்ளச் செய்யலாம், அதுதான் பாதுகாப்பு.

இயல்பு முன்செயலாக்க வரிசை நன்றாகவே அமைந்திருக்கிறது: அசைவுத் திருத்தம், ஸ்லைஸ் நேரத் திருத்தம், விலகித் தெரியும் தொகுதிகளைக் கண்டுபிடித்தல், எம்என்ஐ வெளிக்கு (எல்லோருக்கும் பொதுவான மாதிரி மூளைக்கு) இயல்பாக்கம், பின் 8 மி.மீ. மென்மையாக்கம். இதில் அடிக்கடி சறுக்குவது இயல்பாக்கம். படத்தின் தொடக்கப்புள்ளி மூளையைவிட்டு வெகுதூரத்தில் இருந்தால் பொருத்தம் குலைந்து, தலை சாய்ந்த ஒரு மூளை கிடைக்கும். மையப்படுத்தும் படியை முதலிலேயே சேர்த்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மைலோபதி நோயாளிகள் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நெடுநாள் இருந்தவர்களின் வெண்பொருளில் சிறுநாளச் சேதம் இருக்கும், டி1 படத்தில் அது கருமையாகத் தெரியும், மூளைத் திசுக்களை வகைபிரிக்கும் பிரிப்பான் அதைச் சாம்பல்பொருள் என்று எண்ணிவிடும். ஒவ்வொரு ஆளின் பிரிப்புப் படத்தையும் கண்ணால் பார்க்காமல் அடுத்த தாவலுக்குப் போகக் கூடாது. கானின் தரச்சோதனைப் பக்கம் எல்லோரையும் வரிசையாகக் காட்டும். நாற்பது பேரைப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.

எந்த அசைவை விலக்குவது என்பதில்தான் இந்த மென்பொருளின் உண்மையான தீர்மானம் இருக்கிறது. மூன்று அமைப்புகள்: கடுமையானதில் 0.5 மி.மீ. அசைவும், சமிக்ஞையின் விலகலைச் சொல்லும் இசட் மதிப்பு 3உம் எல்லை, நடுத்தரத்தில் 0.9 மி.மீ., இசட் 5. தளர்வானதில் 2 மி.மீ., இசட் 9. இயல்பாக நடுத்தரம்தான் வரும். கழுத்து நோயாளிகளுக்குக் கடுமையானதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 2012க்குப் பிறகு எல்லோரும் மேற்கோள் காட்டும் சட்டக அசைவு, தலையை 50 மி.மீ. ஆரக் கோளமாக வைத்து ஆறு அசைவு அளவுகளையும் கூட்டுவது. கான் அப்படிச் செய்வதில்லை. மூளையைச் சுற்றி 140, 180, 115 மி.மீ. அளவுள்ள ஒரு பெட்டியை வைத்து, அதன் ஆறு முகங்களின் மையப் புள்ளிகளில் எது அதிகம் நகர்ந்ததோ அதையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே கானின் 0.5உம் மற்ற மென்பொருளின் 0.5உம் ஒன்றல்ல. கட்டுரையில் எந்த வாய்பாடு என்று எழுதாமல் ‘0.5 மி.மீ.’ என்று மட்டும் போட்டால் வேறொருவர் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

அடுத்தது இரைச்சலை நீக்கும் டிநாய்சிங் தாவல். மென்பொருளில் நன்றாகச் செய்யப்பட்ட பகுதி இதுதான். வெண்பொருளிலிருந்து ஐந்து இரைச்சல் கூறுகள், மூளைத் தண்டுவடத் திரவத்திலிருந்து ஐந்து, ஆறு அசைவு அளவுகளும் அவற்றின் மாற்றவீதமுமாகப் பன்னிரண்டு, விலக்க வேண்டிய ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பத்தி. இவற்றை நீக்கிவிட்டு 0.008 முதல் 0.09 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டும். பக்கத்திலேயே நீக்கலுக்கு முன்னும் பின்னும் இணைப்பு மதிப்புகளின் பரவல் வரைபடம் தெரியும். முன்னது வலப்பக்கம் சாய்ந்து அகன்றிருக்கும், பின்னது பூஜ்யத்தை மையமாகக் கொண்டு ஒடுங்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் ஒடுங்காமல் வலப்பக்கமே நின்றால் அவரிடம் இன்னும் சுவாசமோ அசைவோ மிச்சமிருக்கிறது. ஏற்கெனவே தண்டுவடப் பாதிப்பால் மூச்சுத் தசைகள் தளர்ந்தவர்களில் மூச்சின் ஆழமும் சீரும் மாறும்; டிஆர் 2 வினாடி என்றால் பிடிக்கக்கூடிய உச்ச அலைவரிசை 0.25 ஹெர்ட்ஸ்தான், இதயத் துடிப்பு அதைத் தாண்டியது, மடங்கி வந்து நாம் பார்க்கும் பட்டைக்குள்ளேயே விழக்கூடும். மூச்சுப் பெல்ட்டும் விரல் துடிப்பு உணரியும் ஸ்கேனரிலேயே இருக்கும். பதிவுசெய்து வைத்துக்கொண்டால் செலவு ஒன்றும் இல்லை.

விலக்கிய தொகுதிகளுக்கு ஒரு விலை உண்டு. 240 தொகுதிகளில் இருபத்தைந்து சொச்சம் பத்திகளை நீக்கி, வடிகட்டி மொத்தப் பட்டையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவைத்தால் மிஞ்சும் சுதந்திர அளவு (கணக்குக்கு உண்மையில் உதவும் தனித்தனித் தரவுகளின் எண்ணிக்கை) ஏறக்குறைய 70. அதே ஆளுக்கு 60 தொகுதிகளை விலக்கினால் அது 51 ஆகக் குறையும். நோயாளிக் குழுவில் எல்லோரும் 50ஐ ஒட்டியும் கட்டுப்பாட்டுக் குழுவில் எல்லோரும் 70ஐ ஒட்டியும் இருந்தால் இணைப்பு மதிப்புகளின் நிலையற்ற தன்மையே இரு குழுக்களிலும் வேறுபடும். கான் இந்த எண்ணை ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டுத் தருகிறது, பலரும் அந்தப் பத்தியைத் திறந்தே பார்ப்பதில்லை. ஐந்து நிமிட நல்ல தரவு மிஞ்சாதவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். நோயாளி கிடைப்பது அரிது என்று மனமிரங்கி வைத்துக்கொண்டால் முழு ஆய்வும் கெடும்.

ஒவ்வொரு ஆளையும் தனித்தனியே ஆராயும் முதல்நிலைப் பகுப்பாய்வில் ஆர்ஓஐ (ஆராய எடுக்கும் மூளைப் பகுதி) தேர்வில் ஒரு குறை. உடன்வரும் அட்லஸ் என்ற மூளை வரைபடத்தில் 132 பகுதிகள் உண்டு: ஹார்வர்டு-ஆக்ஸ்ஃபோர்டு வரைபடத்திலிருந்து புறணியும் அடிப்பகுதியும், ஏஏஎல் வரைபடத்திலிருந்து சிறுமூளை. அதில் உடல் இயக்கத்துக்கான முன்மைய மடிப்பு ஒவ்வொரு பக்கத்திலும் முழுவதுமாக ஒரே பகுதி. முகம், கை, கால் எல்லாம் அதற்குள் ஒன்றாகச் சராசரியாகிவிடும். கை விரலில் தொடங்கும் நோய்க்கு அது உதவாது. கைக்கான இடத்தில், எம்என்ஐ அச்சில் சுமார் -38, -22, 56 புள்ளியைச் சுற்றி 6 மி.மீ. ஆரக் கோளம் ஒன்றைச் செய்து, வலப்பக்கத்துக்கும் அப்படியே செய்து, வெளி ஆர்ஓஐயாக ஏற்றிக்கொள்ளுங்கள். இயல்பாகவே ஆர்ஓஐ நேரத்தொடர்களை மென்மையாக்காத படத்திலிருந்து கான் எடுக்கிறது என்பது நல்ல விஷயம், அதை மாற்றாதீர்கள். ஆல்ஃப் எனப்படும் குறை அலைவரிசை வீச்சு, அதன் பின்ன வடிவம், உள்ளூர்த் தொடர்பு, சுயேச்சைக் கூறுகள் என அளவைகள் நிறையவே உள்ளன. எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு எது ‘வந்ததோ’ அதை எழுதுவது ஏமாற்று. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் இந்தத் துறையின் முடிவுகளே. 2014இல் சீனாவின் நான்சாங் குழு மைலோபதி நோயாளிகளின் உணர்வு-இயக்கப் புறணியில் ஆல்ஃப் கூடியிருப்பதாக வெளியிட்டது. அதே புறணியில் வேறு அளவைகள் குறைந்திருப்பதாகக் கண்ட குழுக்களும் உண்டு. சிறுமூளை, காட்சிப் புறணி, தலாமஸ் என்று ஆளுக்கொரு பகுதி. நோயின் கால அளவு வேறு, தீவிரம் வேறு, மென்பொருள் வேறு, அசைவு விலக்கும் எல்லை வேறு என்றால் முடிவும் வேறாகத்தான் வரும். ஒரே எஃப்எம்ஆர்ஐ தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒரே ஒன்பது கேள்விகளைக் கேட்டபோது பதில்கள் பெரிதும் மாறுபட்டதை 2020இல் வெளியான பெரும் ஆய்வு காட்டியிருக்கிறது.

குழுக்களை ஒப்பிடும் இரண்டாம்நிலைத் தாவலில் இயல்பு பி-மதிப்பு எல்லைகள் நியாயமானவை: வாக்செல் அளவில் 0.001, ஒட்டிய வாக்செல்களின் கொத்து அளவில் திருத்திய 0.05. வாக்செல் எல்லையை 0.01க்குத் தளர்த்தினால் கொத்துத் திருத்தம் பொய் முடிவுகளை அனுமதிக்கும் என்று 2016இல் எக்லண்டும் கூட்டாளிகளும் நிறுவிவிட்டார்கள், ஆகவே தொடாதீர்கள். முடிந்தால் தரவைத் திரும்பத் திரும்பக் கலைத்துச் சோதிக்கும் பெர்முட்டேஷன் முறையைத் தேர்ந்தெடுங்கள், ஒரு இரவு ஓடும், காத்திருக்கத் தகும். மாதிரியில் நோயாளி, கட்டுப்பாடு ஆகியவற்றோடு வயது, பால், சராசரி அசைவு மூன்றையும் மையப்படுத்திச் சேர்த்து, ஒப்பீட்டை 1, -1, 0, 0, 0 என்று கொடுக்க வேண்டும். சராசரி அசைவைக் கானே கணித்து இரண்டாம்நிலை மாறிகளின் பட்டியலில் போட்டுவைக்கிறது. எம்-ஜேஓஏ தொடர்பை நோயாளிகளுக்குள் மட்டும் பாருங்கள். எல்லோருக்கும் 18 என்று போட்டுக் கட்டுப்பாட்டுக் குழுவையும் சேர்த்தால் குழு வேறுபாட்டையே தொடர்பு என்று எண்ணிவிடுவீர்கள்.

அறுவைக்கு முன், பின் ஒப்பிடும் ஆய்வுகளில் எங்களுக்கு மிகுந்த கவலை உண்டு. அறுவைக்கு முன் வலியோடு படுத்தவர் அசைகிறார். ஆறு மாதம் கழித்து வலி குறைந்து, கழுத்தும் தகடு போட்டு இணைக்கப்பட்டிருக்கும்போது அசைவே இல்லை. தொலைதூர இணைப்புகளைக் குறைத்தும் அருகிலுள்ளவற்றைக் கூட்டியும் காட்டுவது தலையசைவின் வழக்கம். ஆகவே அசைவு குறைந்ததுமே தொலைதூர இணைப்பு ‘மீண்டுவிட்டதாக’ப் படத்தில் தெரியும். மாத்திரையும் இடையில் நின்றிருக்கும். ஒவ்வொரு ஆளின் இரு ஸ்கேன்களிலும் அசைவு வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதை மாதிரியில் சேர்த்த பிறகும் மாற்றம் நிற்கிறதா என்று பார்க்காத கட்டுரையை நம்ப வேண்டாம். கழுத்தில் இருக்கும் டைட்டேனியம் தகட்டால் மேல்மூளைச் சமிக்ஞை பெரிதாகக் கெடாது. சிறுமூளையின் அடிப்பகுதியைத்தான் ஒவ்வொரு ஆளிலும் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

தண்டுவடத்தை அளக்க கான் உதவாது. அதற்கு மாண்ட்ரியால் பாலிடெக்னிக்கிலிருந்து வரும் இலவச ஸ்பைனல் கார்ட் டூல்பாக்ஸைச் சேர்த்துப் பயன்படுத்தி, நசுங்கிய இடத்தின் குறுக்குப்பரப்பை எடுத்துக் கானில் மாறியாக ஏற்றலாம். மூளை முன்செயலாக்கத்தை மட்டும் எஃப்எம்ஆர்ஐபிரெப் என்ற வேறொரு மென்பொருளில் செய்து இங்கே இறக்குமதி செய்யவும் வழியுண்டு. அதை ஓட்ட உதவும் டாக்கர் என்ற கருவி தெரிந்த ஒருவர் துறையில் இருந்தால் நாங்கள் அதையே பரிந்துரைப்போம், அதன் தர அறிக்கை இன்னும் தெளிவு.

கழுத்துவலிக்காக மருத்துவரைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை எல்லாம் குழுச் சராசரிகளை ஒப்பிடும் ஆய்வு முறைகள். ஒரு தனி நோயாளியின் ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐயைப் பார்த்து அறுவை வேண்டுமா, பலன் கிடைக்குமா என்று சொல்லும் நிலை இன்று இல்லை. முடிவு கை கால் பரிசோதனை, எம்-ஜேஓஏ, கழுத்து எம்ஆர்ஐ ஆகியவற்றின் மேல் நிற்கிறது. நடுத்தர, கடுமையான மைலோபதிக்கு அறுவையையும், லேசானதுக்கு அறுவை அல்லது கண்காணிப்போடு கூடிய பயிற்சியையும் 2017இன் வழிகாட்டுதல் சொல்கிறது. ‘மூளையின் செயல்பாட்டு ஸ்கேன்’ என்று யாராவது கூடுதல் கட்டணத்தோடு நீட்டினால் அதனால் சிகிச்சை எப்படி மாறும் என்று கேளுங்கள். அதைவிட, பட்டன் போட முடியவில்லை என்று சொன்ன நாளிலேயே கழுத்து எம்ஆர்ஐ எடுக்கப்படுவது முக்கியம். இந்த நோய் கண்டுபிடிக்கப்படச் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது.

ஆய்வுக்கு வருபவர்களுக்குக் கானை மனமாரப் பரிந்துரைக்கிறோம், மேலே சொன்ன நிபந்தனைகளோடு. இறுதியில் வழிமுறைப் பகுதியை மென்பொருளே ஆங்கிலத்தில் எழுதித் தரும், நீங்கள் அழுத்திய தெரிவுகளோடு. அதை அப்படியே ஒட்டாமல், அதில் வரும் ஒவ்வொரு எண்ணையும் உங்கள் ப்ராஜெக்டில் தேடிச் சரிபாருங்கள். முதல் நோயாளியை எந்தப் பதிப்பில் ஓட்டினீர்களோ கடைசி ஆள் வரை அதே பதிப்பில் ஓட்டுங்கள். நடுவில் புதுப்பித்தால் எல்லோரையும் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும்.